கணினித் திரையில் எழுத்தளவைச் சரிசெய்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினியில் நாள்தோறும் பல மணி நேரம் படிப்பவர்களில் பலர், கணினியை முதன்முதலில் இயக்கிய நாளில் எழுத்து எந்த அளவில் தெரிந்ததோ அதே அளவிலேயே ஆண்டுக்கணக்கில் படித்து வருகிறார்கள். கழுத்து தானாக முன்னே நீள்கிறது, கண் இடுங்குகிறது, மாலையில் தலை கனக்கிறது. கண்ணில் குறை என்று நினைத்துக்கொண்டிருக்கும் பலருக்கு, உண்மையில் மாற வேண்டியது திரையில் உள்ள ஓர் அமைப்புதான். எதை எங்கே மாற்றினால் என்ன மாறும் என்பதை விளக்கவே இந்தக் கேள்வி பதில்.

எழுத்தைப் பெரிதாக்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

முதலில் எந்த எழுத்து சிறிதாக இருக்கிறது என்று பாருங்கள். பட்டியல்கள், பொத்தான்கள், கோப்புப் பெயர்கள் உட்பட எல்லாமே சிறிதாகத் தெரிந்தால் மாற்ற வேண்டியது இயங்குதளத்தின் திரை அளவீட்டை. விண்டோஸில் இதற்கு 'ஸ்கேல்' என்று பெயர். பட்டியல்களும் பொத்தான்களும் போதுமான அளவில் இருந்து, எழுத்து மட்டும் சிறிதாக இருந்தால் இயங்குதளத்தின் எழுத்தளவு அமைப்பை மாற்ற வேண்டும். வலைப்பக்கங்கள் மட்டும் படிக்கக் கடினமாக இருந்தால் உலாவியின் அமைப்பையும், ஓர் ஆவணம் மட்டும் கடினமாக இருந்தால் அந்த நிரலின் காட்சி அளவையும் மாற்றினால் போதும்.

இந்த நான்கில் இயங்குதளத்தின் இரண்டு அமைப்புகளும் கீழடுக்கு; உலாவியும் ஆவண நிரலும் அவற்றின் மேலுள்ள மேலடுக்கு. கீழடுக்கில் செய்யும் மாற்றம் பெரும்பாலும் மேலடுக்கையும் பாதிக்கும். திரை அளவீட்டை 125 விழுக்காடாகவும் உலாவியின் பெரிதாக்கத்தை 120 விழுக்காடாகவும் வைத்தால், வலைப்பக்க எழுத்து இயல்பைப்போல் ஒன்றரை மடங்காகிவிடும். ஆகவே கீழடுக்கைச் சரிசெய்து இரண்டு நாள் பயன்படுத்திப் பார்த்த பிறகே மேலடுக்கைத் தொடுவது நல்லது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால், பிறகு எது எதனால் பெரிதானது என்று கண்டுபிடிக்க முடியாமல் போகும்.

எழுத்து எவ்வளவு பெரிதாக இருந்தால் போதும்? இதற்கு அளவுகோல் உண்டா?

உண்டு. எழுத்தின் உயரத்தை மட்டும் பார்க்காமல், கண்ணிலிருந்து திரை இருக்கும் தொலைவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்து கண்ணில் உண்டாக்கும் கோணத்தைக் கலை என்னும் அலகால் அளக்கிறார்கள். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கே ஒரு கலை. கண் மருத்துவரின் பலகையில் இயல்பான பார்வைக்கு உரிய வரியில் உள்ள எழுத்து 5 கலை உயரம் கொண்டது. அது அடையாளம் காண்பதற்கான எல்லை மட்டுமே. அந்த அளவில் ஒரு பத்தியைக்கூட யாராலும் நிம்மதியாகப் படிக்க முடியாது. திரைப் பணிக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 9241, எழுத்து குறைந்தது 16 கலை உயரமாவது இருக்க வேண்டும் என்றும், 20 முதல் 22 கலை வரை இருப்பது விரும்பத்தக்கது என்றும் சொல்கிறது.

இதை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். நீங்கள் சாய்ந்து இயல்பாக உட்காரும்போது கண்ணுக்கும் திரைக்கும் இடையே உள்ள தொலைவை நாடாவால் அளந்துகொள்ளுங்கள். 60 செ.மீ. தொலைவில் 20 கலை என்பது ஏறத்தாழ 3.5 மில்லிமீட்டர், 70 செ.மீ. தொலைவில் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். பிறகு சாதாரண அளவுகோல் ஒன்றைத் திரையின் மேல் மெதுவாக வைத்து, நீங்கள் வழக்கமாகப் படிக்கும் பக்கத்தில் 'க' என்ற எழுத்தின் உயரத்தைப் பாருங்கள். பலருக்கு அது 2 மில்லிமீட்டரை ஒட்டியே இருப்பதைக் காணலாம். இந்தத் தரநிலை முதன்மையாக ரோமன் எழுத்துகளை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். தமிழுக்கு இதை அடித்தளமாகக் கொண்டு, சற்று மேலே செல்வதே என் பரிந்துரை.

தமிழுக்கு மட்டும் ஏன் கூடுதல் அளவு வேண்டும்?

தமிழ் எழுத்தில் பொருளை வேறுபடுத்தும் கூறுகள் மிகச் சிறியவை. 'ண' வுக்கும் 'ன' வுக்கும் உள்ள வேறுபாடு ஒரு சுழி. 'கொடு' என்பதையும் 'கோடு' என்பதையும் பிரிப்பது கொம்பின் தலையில் உள்ள ஒரு சுருள். 'எரி' ஏரியாவதற்கு அடியில் ஒரு சிறு கோடு போதும். 'பல' என்பது 'பல்' ஆவதற்கு மேலே ஒரு புள்ளி. சிறிய அளவில் அந்தப் புள்ளிக்குத் திரையில் கிடைப்பது ஒரே ஒரு பிக்சலாக, அதாவது திரைப் படத்தை உருவாக்கும் மிகச் சிறிய ஒளிக்கட்டமாக, இருக்கலாம். அதுவும் சாம்பல் நிறத்தில் மங்கிப்போகலாம். பழக்கத்தால் சொல்லை ஊகித்துப் படித்துவிடுகிறோம் என்பதால் இழப்பு உடனே தெரிவதில்லை. ஆனால் பெயர்கள், பழந்தமிழ்ப் பாடல்கள், மெய்ப்புத் திருத்தம் ஆகியவற்றில் ஊகம் உதவாது.

எழுத்தளவைச் சோதிக்க ஒரு வரியைப் பரிந்துரைக்கிறேன்: 'பணி, பனி, மணம், மனம், கொடு, கோடு, எரி, ஏரி, பல, பல்.' இதைத் தட்டச்சு செய்து, முன்னே சாயாமல், கண்ணை இடுக்காமல், ஒவ்வொரு சொல்லையும் ஊகமின்றி வேறுபடுத்த முடிகிற அளவு எதுவோ அதற்கும் ஒரு படி மேலே வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு படி மாலை நேரத்துக்கானது. காலையில் போதுமானதாகத் தெரியும் அளவு, எட்டு மணி நேரம் படித்த கண்ணுக்குப் போதாது.

ஒரே 12 புள்ளி எழுத்து என் மடிக்கணினியில் சிறிதாகவும் தனித் திரையில் பெரிதாகவும் தெரிவது ஏன்?

அச்சில் புள்ளி என்பது உறுதியான அளவு: ஓர் அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு. திரையில் அது உறுதியானதன்று. விண்டோஸ் நெடுங்காலமாக, ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல் என்று வைத்துக்கொண்டு கணக்கிடுகிறது. அதன்படி 12 புள்ளி என்பது 16 பிக்சல். பெரும்பாலான உலாவிகளின் இயல்பான எழுத்தளவும் இந்த 16 பிக்சல்தான். ஆனால் பிக்சலின் உண்மையான அளவு திரைக்குத் திரை மாறுகிறது.

கணக்கிட்டுப் பார்ப்போம். 1920க்கு 1080 பிக்சல் கொண்ட 24 அங்குலத் திரையில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 92 பிக்சல்கள். அதே எண்ணிக்கையிலான பிக்சல்கள் 15.6 அங்குல மடிக்கணினியில் அடைக்கப்படும்போது அங்குலத்துக்கு 141 ஆகிவிடுகின்றன. 27 அங்குல 4கே (3840க்கு 2160 பிக்சல்) திரையில் அது 163. அளவீட்டை 100 விழுக்காட்டில் வைத்தால், 16 பிக்சல் என்பது முதல் திரையில் 4.4 மி.மீ., இரண்டாவதில் 2.9 மி.மீ., மூன்றாவதில் வெறும் 2.5 மி.மீ. இது எழுத்துருவின் மொத்தக் கட்டத்தின் அளவு. 'க' வின் உயரம் இதிலும் ஒரு பகுதிதான். விலை உயர்ந்த, பிக்சல் செறிந்த திரையை வாங்கியவர்கள் எழுத்து சிறிதாகிவிட்டது என்று வருந்துவதற்குக் காரணம் இதுவே. செறிவைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அளவீட்டை உயர்த்தினால் அதே செறிவு எழுத்தின் விளிம்பை மிக நேர்த்தியாகக் காட்டும்.

திரையின் ரெசல்யூஷனை, அதாவது பயன்படுத்தும் பிக்சல் எண்ணிக்கையை, குறைத்தால் எழுத்து பெரிதாகிறதே, அது போதாதா?

செய்ய வேண்டாம். தட்டைத் திரைகளில் பிக்சல்களின் எண்ணிக்கை உற்பத்தியின்போதே நிலைத்துவிடுகிறது. 1920க்கு 1080 கொண்ட திரையை 1366க்கு 768 ஆக இயக்கச் சொன்னால், படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் ஏறத்தாழ 1.4 பிக்சலில் பரப்பிக் காட்ட வேண்டிய நிலை ஏற்படுகிறது. பிக்சலைப் பிளக்க முடியாது என்பதால் விளிம்புகள் மங்குகின்றன. எழுத்து பெரிதாகும், ஆனால் சுழிகள் கலங்கி, கண் இன்னும் கூடுதலாக உழைக்கும். ரெசல்யூஷன் பட்டியலில் பரிந்துரைக்கப்பட்டது என்று குறிக்கப்பட்டிருப்பதையே தேர்ந்துவிட்டு, அளவீட்டை உயர்த்துங்கள். பழக்கத்தால் பலர் செய்யும் இந்தத் தவறுதான் நான் பார்த்தவரை மிகுந்த சோர்வைத் தருகிறது.

விண்டோஸில் எப்படி மாற்றுவது?

விண்டோஸ் 11இல் 'செட்டிங்ஸ்' திறந்து, 'சிஸ்டம்', 'டிஸ்ப்ளே' வழியாகச் சென்றால் 'ஸ்கேல்' என்ற பட்டியல் இருக்கும். 100, 125, 150 என்று 25 விழுக்காட்டுப் படிகளில் உயர்த்தலாம். இதில் எழுத்துடன் பொத்தான்களும் சின்னங்களும் சேர்ந்தே பெரிதாகும். 110 போன்ற இடைப்பட்ட எண்ணைத் தட்டச்சு செய்யவும் இடமுண்டு. 100 முதல் 500 வரை ஏற்கும். ஆனால் அந்த எண் எல்லாத் திரைகளுக்கும் பொதுவாகிவிடும் என்பதாலும், சில நிரல்களில் எழுத்து மங்கும் என்பதாலும், பட்டியலில் உள்ள படிகளையே தேர்வது நல்லது.

எழுத்தை மட்டும் பெரிதாக்க, 'செட்டிங்ஸ்' பகுதியில் 'ஆக்ஸசிபிலிட்டி', அதனுள் 'டெக்ஸ்ட் சைஸ்'. விண்டோஸ் விசையுடன் யூ விசையை அழுத்தினால் 'ஆக்ஸசிபிலிட்டி' பக்கம் நேரடியாகத் திறக்கும். அங்குள்ள நழுவுகோலை 100 முதல் 225 விழுக்காடு வரை நகர்த்தலாம். நகர்த்திய பின் 'அப்ளை' பொத்தானை அழுத்தினால்தான் மாற்றம் நடைமுறைக்கு வரும். விண்டோஸ் 10இல் இதே வசதி 'ஈஸ் ஆஃப் ஆக்சஸ்' என்ற தலைப்பின் கீழ் உள்ளது. எல்லா நிரல்களும் இந்த அமைப்புக்குக் கட்டுப்படுவதில்லை.

இரண்டு திரைகள் இணைத்திருந்தால், டிஸ்ப்ளே பக்கத்தின் மேற்பகுதியில் உரிய திரையைச் சொடுக்கித் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் தனி அளவீடு கொடுக்கலாம். மேலே கணக்கிட்ட 15.6 அங்குல மடிக்கணினிக்கு 150, 24 அங்குலத் தனித் திரைக்கு 100 என்பது போல வைத்தால், சாளரத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தும்போது எழுத்தின் உண்மையான உயரம் ஓரளவு ஒத்திருக்கும்.

மேக், லினக்ஸ் கணினிகளில்?

மேக்கில் 'சிஸ்டம் செட்டிங்ஸ்', 'டிஸ்ப்ளேஸ்' பக்கத்தில் பெரிய எழுத்தில் தொடங்கிக் கூடுதல் இடம் வரை செல்லும் தேர்வுகள் இருக்கும். இவை ரெசல்யூஷன் போலத் தோன்றினாலும், ஆப்பிளின் பிக்சல் செறிந்த ரெட்டினா திரையில் எழுத்தை முழுச் செறிவிலேயே வரைகின்றன. ஆகவே மேலே சொன்ன எச்சரிக்கை இங்கே பொருந்தாது. மேக்ஓஎஸ் 14 முதல், 'ஆக்ஸசிபிலிட்டி' பகுதியில் எழுத்தளவுக்கென்றே தனி அமைப்பும் உள்ளது. அதை ஏற்கும் நிரல்களில் மட்டும் அது செயல்படும்.

லினக்ஸில் க்னோம் சூழலைப் பயன்படுத்துபவர்கள் அணுகல் அமைப்புகளில் 'லார்ஜ் டெக்ஸ்ட்' என்பதை இயக்கினால் எழுத்து ஒன்றேகால் மடங்காகும். அதைவிட நுணுக்கமாக மாற்ற 'ட்வீக்ஸ்' என்ற நிரலில் எழுத்துருப் பகுதியில் பெருக்கெண் ஒன்று உள்ளது, 1.10, 1.15 என்று கொடுத்துப் பார்க்கலாம். கேடிஇ சூழலில் எழுத்துரு அமைப்புப் பக்கத்திலேயே பட்டியல், கருவிப்பட்டை, சாளரத் தலைப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எழுத்துருவும் அளவும் கொடுக்க முடிகிறது. இடைமுகத்தைத் தமிழில் வைத்துக்கொள்பவர்களுக்கு இது பெரிய வசதி. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால், எல்லாவற்றையும் ஒன்றாகப் பெரிதாக்கினால் பட்டியல் பெயர்கள் பாதியில் வெட்டுப்படும். இங்கே அவற்றை மட்டும் அடக்கி வைக்கலாம்.

அளவீட்டை உயர்த்திய பிறகு சில நிரல்கள் மங்கலாகத் தெரிகின்றன. என்ன செய்வது?

பழைய நிரல்கள் 96 பிக்சல் கணக்கை மட்டுமே அறிந்தவை. அவை தம் சாளரத்தைச் சிறிய அளவில் வரைந்து தர, விண்டோஸ் அதை ஒரு படத்தைப் போல இழுத்துப் பெரிதாக்குகிறது. அதனால்தான் மங்கல். அந்த நிரலின் சின்னத்தின் மேல் வலப்பக்கச் சொடுக்கு செய்து, 'ப்ராபர்ட்டீஸ்', 'கம்பாட்டிபிலிட்டி' பகுதியில் உயர் செறிவுத் திரைக்கான அமைப்பைத் திறந்தால், அளவிடும் பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது என்று கேட்கும். 'சிஸ்டம் என்ஹான்ஸ்டு' என்ற தேர்வை முதலில் முயலுங்கள். அதில் எழுத்து கூர்மையாகாவிட்டால் 'அப்ளிகேஷன்' என்பதைத் தேர்ந்து பாருங்கள். ஆனால் அதில் எழுத்து மீண்டும் சிறிதாகிவிடும் வாய்ப்பு உண்டு.

அளவீட்டை மாற்றிய கையோடு எல்லாமே மங்கலாக இருந்தால், பயனர் கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் நுழையுங்கள். பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிடும். எழுத்தின் விளிம்பில் வண்ணக் கசிவு தெரிந்தால், தொடக்கப் பட்டியில் 'கிளியர்டைப்' என்று தேடி அதன் சரிசெய்யும் கருவியை இயக்குங்கள்; சில மாதிரிகளைக் காட்டி, எது தெளிவாக இருக்கிறது என்று உங்களிடமே கேட்டு அமைத்துக்கொள்ளும்.

உலாவியில் ஒவ்வொரு முறையும் பெரிதாக்க வேண்டியிருக்கிறது. நிலையாக வைக்க முடியாதா?

கன்ட்ரோல் விசையுடன் கூட்டல் குறி பெரிதாக்கும், கழித்தல் குறி சிறிதாக்கும், சுழியம் இயல்புக்குக் கொண்டுவரும். மேக்கில் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட். இந்த மாற்றத்தை உலாவி அந்தத் தளத்துக்கு மட்டுமே நினைவில் வைத்துக்கொள்கிறது. எல்லாத் தளங்களுக்கும் வேண்டுமானால், குரோமில் 'செட்டிங்ஸ்', 'அப்பியரன்ஸ்' பகுதியில் பக்கப் பெரிதாக்கத்தையும், ஃபயர்ஃபாக்ஸில் 'ஜெனரல்' பகுதியில் உள்ள இயல்பான பெரிதாக்கத்தையும் மாற்றுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் இந்த வசதி 2020இல் வெளியான 73ஆம் பதிப்பில் வந்தது.

தமிழ் படிப்பவர்கள் அவசியம் அறிய வேண்டிய வசதி ஒன்று ஃபயர்ஃபாக்ஸில் இருக்கிறது. எழுத்துரு அமைப்பில் 'அட்வான்ஸ்டு' பொத்தானை அழுத்தினால், மேலே எழுத்துமுறைகளின் பட்டியல் வரும். அதில் தமிழைத் தேர்ந்து, தமிழுக்கென்றே தனி எழுத்துருவும், தனி அளவும், குறைந்தபட்ச அளவும் கொடுக்கலாம். ஆங்கிலப் பக்கங்கள் 16 பிக்சலில் இருக்க, தமிழ்ப் பக்கங்களை 18 அல்லது 20இல் படிக்கலாம். தமிழில் எழுதப்பட்டது என்று தன் குறிமுறையில் அறிவித்துக்கொள்ளும் பக்கங்களில் இது சரியாக வேலை செய்யும். வலைத்தளம் நடத்துபவர்கள் அந்த ஒரு சிறு அறிவிப்பை விட்டுவிடாமல் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குறைந்தபட்ச அளவு என்பது, பக்கத்தை வடிவமைத்தவர் எவ்வளவு சிறிதாகக் கேட்டாலும் அதற்குக் கீழே எழுத்தைக் காட்டாதே என்று உலாவிக்கு இடும் ஆணை. குரோமிலும் எழுத்துருக்களைத் தனிப்பயனாக்கும் பக்கத்தில் இது உண்டு. 14 என்று வைத்தால் அடிக்குறிப்புகளும் படத் தலைப்புகளும் படிக்கும்படி ஆகிவிடும். 20க்கு மேல் சென்றால் பல பக்கங்களின் அமைப்பு குலையும்.

பெரிதாக்கினால் சில பக்கங்களில் எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடுகிறது. இது யாருடைய குறை?

பக்கத்தை வடிவமைத்தவர்களுடையது. வலைத்தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி, 2008இல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டுதல்களின் இரண்டாம் பதிப்பிலேயே, எழுத்தை 200 விழுக்காடு வரை பெரிதாக்கினாலும் உள்ளடக்கமோ செயல்பாடோ இழக்கப்படக் கூடாது என்று குறித்திருக்கிறது. அவர்கள் சரிசெய்யும்வரை நீங்கள் செய்யக்கூடியது, படிப்பு நிலையைப் பயன்படுத்துவது. விண்டோஸில் ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் இரண்டிலும் எஃப்9 விசை அதைத் திறக்கும். பக்கத்தின் ஓரப்பகுதிகளையும் விளம்பரங்களையும் நீக்கி, கட்டுரையை மட்டும் நீங்கள் விரும்பும் அளவிலும் வரி அகலத்திலும் காட்டும். நீண்ட கட்டுரைகளுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

ஆவணத்தில் எழுத்தளவை 16 ஆக்கினேன். அச்சிட்டபோது மிகப் பெரிதாக வந்துவிட்டது.

படிப்பதற்காக ஆவணத்தின் எழுத்தளவை மாற்றக் கூடாது. அது ஆவணத்தின் பண்பு. அச்சிலும், பிறர் கணினியிலும் அப்படியே தொடரும். உங்கள் கண்ணுக்காக மட்டும் என்றால் காட்சி அளவை மாற்றுங்கள். கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி சுட்டியின் சக்கரத்தை உருட்டினால் போதும்.

இதற்கு மாறான ஒரு சிக்கலும் உண்டு. லிப்ரேஆஃபிஸில் ஒரு பத்திப் பாணியின் எழுத்தளவை மாற்றிய பிறகும் தமிழ் மட்டும் பழைய அளவிலேயே நிற்கலாம். அந்த நிரல் ரோமன் எழுத்துக்கு ஓர் அளவும், தமிழ் அடங்கிய சிக்கல் எழுத்துமுறைகளுக்கு வேறோர் அளவும் வைத்துக்கொள்கிறது. பாணியின் எழுத்துருப் பக்கத்தில் இரண்டாவதையும் மாற்றினால் தமிழும் மாறிவிடும்.

அளவை மாற்றாமல் எழுத்துருவை மட்டும் மாற்றினால் பயன் உண்டா?

நிச்சயமாக உண்டு. 12 புள்ளி என்பது எழுத்துருவின் கட்டத்தைக் குறிப்பது. அந்தக் கட்டத்தை எழுத்து எவ்வளவு நிரப்புகிறது என்பது வடிவமைப்பாளரின் முடிவு. விண்டோஸ் 7உடன் வந்த விஜயா என்னும் எழுத்துரு, அதே புள்ளியில் லதா என்னும் எழுத்துருவைவிடக் கண்ணுக்குச் சிறிதாகத் தெரியும். விண்டோஸ் 8 முதல் வரும் நிர்மலா திரையில் படிப்பதற்கென வடிவமைக்கப்பட்டது. இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழும் அத்தகையதே. தடிமன் மாறும் கோடுகளைக் கொண்ட அழகிய எழுத்துருக்களில், சிறிய அளவில் மெல்லிய பகுதிகள் காணாமல் போகும். அவற்றைத் தலைப்புகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தைப் போதுமான அளவு பெரிதாக்கியும் கண் சோர்கிறது. வேறு என்ன பார்க்க வேண்டும்?

வரி இடைவெளியைப் பாருங்கள். தமிழில் மேலே கொம்புச் சுருளும் புள்ளியும், கீழே 'கு', 'து' போன்றவற்றின் வாலும் நீள்வதால், வரிகள் நெருங்கினால் அவை முட்டிக்கொள்ளும். எழுத்தளவைப்போல் ஒன்றரை மடங்கு இடைவெளி கொடுங்கள். வெளிர் சாம்பல் எழுத்தை வெள்ளைப் பின்னணியில் எவ்வளவு பெரிதாக்கினாலும் பயன் குறைவு. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாட்டு விகிதம் 4.5க்கு 1 என்ற அளவிலாவது இருக்க வேண்டும் என்பது மேலே சொன்ன டபிள்யூ3சி வழிகாட்டுதல்களின் வரையறை.

நாற்பது வயதை ஒட்டி வெள்ளெழுத்து தொடங்கியவர்களுக்கு மற்றொன்றும் உண்டு. படிப்பதற்கான கண்ணாடி பொதுவாக 40 செ.மீ. தொலைவுக்குக் கொடுக்கப்படுகிறது, திரையோ 60 செ.மீ.க்கு அப்பால் இருக்கிறது. அதனால்தான் உடல் முன்னே சாய்கிறது. கண் பரிசோதனைக்குச் செல்லும்போது, நாடாவால் அளந்த உங்கள் திரைத் தொலைவை எழுதி எடுத்துச் சென்று கொடுங்கள். கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் படிப்பவர்கள் முகவாயை உயர்த்த வேண்டியிருந்தால், திரையைச் சற்றுத் தாழ்த்தி வைக்க வேண்டும். திடீரென்று பார்வை மங்கினால் எந்த அமைப்பையும் மாற்றிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

எப்போதாவது ஒரு வரியை மட்டும் பெரிதாகப் பார்க்க வேண்டும் என்றால்?

விண்டோஸ் விசையுடன் கூட்டல் குறியை அழுத்தினால் உருப்பெருக்கி தொடங்கும். விண்டோஸ் விசையுடன் எஸ்கேப் அழுத்தினால் மூடிவிடும். மேக்கில் 'ஹோவர் டெக்ஸ்ட்' வசதியை இயக்கி, சுட்டியை ஒரு சொல்லின் மேல் வைத்துக் கமாண்ட் விசையை அழுத்திப் பிடித்தால், அந்தச் சொற்கள் தனிப் பெட்டியில் பெரிதாகத் தோன்றும்.

ஒரே கணினியை வீட்டில் மூவர் பயன்படுத்துகிறோம். ஒருவருக்குப் போதுமான அளவு மற்றவருக்கு மிகையாக இருக்கிறது.

ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் கணக்கு உருவாக்குங்கள். எழுத்தளவு, உலாவியின் எழுத்துரு அமைப்பு ஆகியவை கணக்கோடு சேர்ந்தவை. ஒருவர் மாற்றுவது மற்றவரைப் பாதிக்காது. வயதில் மூத்தவருக்கு அமைத்துக் கொடுக்கும்போது, அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் அவரையே உட்கார வைத்து, மேலே சொன்ன சோதனை வரியைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி, அவர் சொல்லும் அளவிலேயே நிறுத்துங்கள். நின்றுகொண்டு பார்க்கும் நமக்கு அது மிகப் பெரிதாகத்தான் தோன்றும்.